மலை ஏரியைக் காப்பது லாபமா, நட்டமா: கொடைக்கானல் விடுதிக்காரர் ஒருவரின் கேள்விக்கு

கொடைக்கானலில் 12 அறைகள் கொண்ட விடுதி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏரியைக் காப்பாற்றுகிறோம், மலையைக் காப்பாற்றுகிறோம் என்று வாகனத்துக்கு வரம்பு, கரையோரம் கட்டடம் கட்டத் தடை, கழிவுநீர் இணைப்புக்குக் கட்டணம் என்று அடுக்குகிறார்கள். எங்களுக்கு வரும் நட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரியால் வரும் லாபம் எவ்வளவு என்று யாராவது ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறார்களா? போட்டால் எந்தத் தட்டு தாழும்?"

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சுருண்டிருக்கின்றன. ஊர், மாநிலம், வரப்போகிற தலைமுறை எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மலை ஏரியைக் காப்பது கட்டுப்படியாகுமா என்பது ஒன்று. பயன் ஊருக்கெல்லாம் போக, நட்டம் என் தலையில் மட்டும் விழுந்தால் அது நியாயமா என்பது மற்றொன்று. கேட்டவருக்கு வலிப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு என் துறையான சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் ஓரளவு நல்ல விடை உண்டு. இரண்டாவதற்குக் கணக்கு மட்டும் போதாது. ஆனால் அதைத் தொடாமல் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவது கேட்டவரை ஏமாற்றுவதாகும். நீர்நிலைகளின் பொருளாதார மதிப்பைக் கணக்கிடுவதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். கொடைக்கானல் ஏரிக்கு நான் கணக்குப் போட்டதில்லை. ஆகவே அதற்கு ரூபாயில் ஒரு எண் சொல்ல மாட்டேன். கணக்கு ஒழுங்காகப் போடப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

செலவிலிருந்து தொடங்கலாம், அதுதான் கையில் பிடிபடுவது. கழிவுநீர்க் குழாய் பதிப்பது, சுத்திகரிப்பு நிலையம் நடத்துவது, தூர்வாருவது, களை அகற்றுவது ஆகியவற்றுக்கெல்லாம் ஒப்பந்தப்புள்ளி இருக்கிறது, ரசீது இருக்கிறது. கைவிட்டுப் போகும் வருமானம் இன்னொரு வகைச் செலவு. உங்கள் காலி அறைகள் அந்த வகையில் வரும். 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்குக் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. இதனால் ஓர் அறை காலியாகக் கிடந்தால் அந்த வாடகை உங்களுக்கு முழு நட்டம். ஆனால் அந்தக் குடும்பம் கொடைக்கானலுக்குப் பதில் ஏற்காட்டுக்குப் போய்த் தங்கியிருந்தால், தமிழ்நாட்டின் கணக்கில் அது நட்டமே இல்லை. பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மூணாறுக்குப் போயிருந்தால் மாநிலத்துக்கு நட்டம், நாட்டுக்கு இல்லை. யாருடைய கணக்கு என்று எல்லை போடாமல் "இத்தனை கோடி இழப்பு" என்று சொல்லும் எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை. ஏரிப் பாதுகாப்புக்கு ஆதரவான அறிக்கைகளும் இதே தவறைச் செய்கின்றன. சுற்றுலா வருமானம் முழுவதையும் ஏரியின் தலையில் எழுதிவிடுகிறார்கள். குளிருக்கும் தூண் பாறைக்கும் வந்தவர் ஏரியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார். அவர் செலவழித்ததில் ஏரியின் பங்கு எவ்வளவு என்பது லேசில் பிரிக்க முடியாத ஒன்று.

பயனைப் பொறுத்தவரை, படகுத்துறையில் கிழிக்கிற டிக்கெட் பணத்தை ஏரியின் மதிப்பாக எடுத்துக்கொள்வதுதான் பொதுவான தவறு. கரையைச் சுற்றி நடப்பவர் டிக்கெட் வாங்குவதில்லை, ஆனாலும் அவர் பயன் அடைகிறார். 1947-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார். தூரத்திலிருந்து வருபவர் அதிகம் செலவழித்து வருகிறார், பக்கத்திலிருந்து வருபவர் குறைவாகச் செலவழிக்கிறார். தூரம் கூடக் கூட வருகை எப்படிக் குறைகிறது என்று பார்த்தால், அந்த இடத்துக்காக மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை அனுமானிக்கலாம். சென்னையிலிருந்து இரவுப் பேருந்து ஏறி வருகிறவரையும் வத்தலக்குண்டிலிருந்து காலையில் மலையேறி மாலையில் இறங்குகிறவரையும் ஒப்பிடுவது போல. இந்தப் பயணச் செலவு முறை ஓரளவு உறுதியானது, ஏனென்றால் மக்கள் உண்மையில் செய்ததை வைத்து அது நிற்கிறது. ஒரே பயணத்தில் ஏழெட்டு இடம் பார்க்கும் நம் ஊர்ச் சுற்றுலாவில்தான் அது தடுமாறும்.

இதைவிட உறுதியான முறையும் உண்டு: ஏரி சும்மா செய்துகொடுக்கும் வேலையை வேறு வழியில் செய்ய எவ்வளவு ஆகும் என்று பார்ப்பது. உத்தராகண்டில் நைனிதால் நகரத்தின் குடிநீர் ஏரிக்கரையில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஏரி நீர் கரை மண் வழியே ஊர்ந்து கிணற்றுக்கு வருவதற்குள் கிருமிகளும் கலங்கலும் பெருமளவு நின்றுவிடுகின்றன. குளோரின் சேர்த்தால் போதும் என்ற அளவுக்குத் தண்ணீர் வருகிறது. ஏரி கெட்டுப்போனாலோ நீர்மட்டம் இறங்கினாலோ அதற்கு ஈடாக எத்தனை கோடியில் என்ன கட்ட வேண்டும் என்று ஒரு குடிநீர்ப் பொறியாளரால் காகிதத்தில் போட்டுக் காட்ட முடியும். யாருடைய விருப்பத்தையும் கேட்க வேண்டியதில்லை.

விருப்பத்தைக் கேட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. நேரில் வந்து பார்க்காதவருக்கும் ஓர் ஏரி இருக்கிறது என்பதில் ஒரு நிறைவு இருக்கலாம், தன் பேரப்பிள்ளைக்கு அது மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம் இருக்கலாம். அதற்குச் சந்தையில் விலை கிடையாது. "ஏரியைக் காக்க மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று வீடுவீடாகக் கேட்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை ஊரில் அப்படிக் கேட்டுக்கொண்டு போனபோது, ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்ற அம்மா என்னைத் திருப்பிக் கேட்டார்: "நான் எதுக்குத் தம்பி குடுக்கணும்? அழுக்குத் தண்ணிய விடுறவன்கிட்டப் போய்க் கேளுங்க." படிவத்தில் அவருக்கு நான் பூஜ்யம் எழுத வேண்டியிருந்தது. ஏரி அவருக்குப் பூஜ்யம் இல்லை, அதில்தான் அவர் பிழைப்பே இருந்தது. அன்றிலிருந்து இந்த வகை ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் பூஜ்யம் சொன்னவர்களிடம் காரணம் கேட்டார்களா என்று முதலில் தேடுகிறேன். அவரிடமே "இந்த ஏரி போனால் பரவாயில்லை என்று சொல்ல எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள்?" என்று கேட்டிருந்தால் வேறொரு பெரிய எண் வந்திருக்கும். இரண்டு கேள்விக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஏரி யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தது. அதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

இந்த இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்த ஓர் ஏரி கலிபோர்னியாவில் இருக்கிறது. அதன் பெயர் மோனோ. சியாரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,380 அடி உயரத்தில் உள்ள உப்பு ஏரி அது. மீன் கிடையாது. உப்புநீர் இறாலும் ஒருவகை ஈயும் கோடிக்கணக்கில் பெருகும், அவற்றைத் தின்னப் பறவைகள் லட்சக்கணக்கில் வரும். 1941-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்த ஏரிக்கு வரும் ஐந்து ஓடைகளில் நான்கை மறித்துத் தன் கால்வாயில் திருப்பியது. நாற்பது ஆண்டுகளில் நீர்மட்டம் 45 அடி இறங்கியது. தண்ணீர் பாதியானது, உப்பு இருமடங்கானது. தீவில் கூடுகட்டிய கடற்காகங்களை நோக்கி ஓநாய் இனத்துக் காட்டு விலங்குகள் வறண்ட தரை வழியாக நடந்தே போயின. வெளிப்பட்ட ஏரிப்படுகையிலிருந்து புழுதி கிளம்பிக் காற்றைக் கெடுத்தது. நகரத்தின் வாதம் எளிமையானது: லட்சக்கணக்கான மக்களுக்குத் தண்ணீர் வேண்டும், யாரும் குடிக்க முடியாத உப்பேரிக்காக அதை விட முடியுமா?

ஜான் லூமிஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 1980-களில் இதைக் கணக்காக்கினார். ஓடைகளைத் திரும்ப ஏரிக்கு விட்டால் நகரம் வேறிடத்தில் தண்ணீரும், அந்தத் தண்ணீர் வழியில் விசையாழிகளைச் சுழற்றித் தந்த மின்சாரத்துக்குப் பதில் வேறு மின்சாரமும் வாங்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 2.65 கோடி டாலர். கலிபோர்னியக் குடும்பங்களிடம் அஞ்சல் வழியாகக் கேட்டதில் சராசரியாக மாதம் 13 டாலர் கூடுதலாகக் கட்டத் தயார் என்று வந்தது. மாநிலம் முழுமைக்கும் பெருக்கினால் பயன் செலவைப்போல் 50 மடங்கு. "தருவேன்" என்பது வேறு, தருவது வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். அது சரியான ஐயம். அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பலின் எண்ணெய் கசிந்த பிறகு, பொருளாதார அறிஞர்களான கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய வல்லுநர் குழு 1993-இல் இந்த முறைக்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்ததும் அதனால்தான். ஆனால் சொன்னதில் பத்தில் ஒரு பங்கைத்தான் மக்கள் உண்மையில் கட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டாலும் பயன் செலவைப்போல் ஐந்து மடங்காக நிற்கிறது. ஏரியின் மதிப்பு துல்லியமாக எவ்வளவு என்று சண்டை போடுவதைவிட, நம் கணிப்பு எவ்வளவு தவறாக இருந்தால் முடிவு மாறும் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. பயன் வெறும் ஒன்றரை மடங்கு என்று ஓர் ஆய்வு சொன்னால், அதை வைத்து நான் யாருடைய கடையையும் மூடச் சொல்ல மாட்டேன்.

மோனோவில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. 1983-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஏரி பொதுமக்களுக்காக அரசு காத்து வைத்திருக்கும் சொத்து, பழைய நீர் உரிமங்களையும் அந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றது. 1994-இல் மாநில நீர் வாரியம் இரு பக்கச் செலவையும் பயனையும் எடைபோட்டு, நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு உயர வேண்டும் என்று முடிவு செய்தது. முன்பு ஆண்டுக்கு 80,000 ஏக்கர்-அடிக்கு மேல் எடுத்த நகரம், ஏரி ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் 16,000-க்கு மேல் எடுக்கக் கூடாது. ஓர் ஏக்கர்-அடி என்பது 12 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். நகரம் தாகத்தில் தவிக்கவில்லை. தண்ணீரைக் குறைவாகச் செலவிடும் கழிப்பறைத் தொட்டிகளை அக்கம்பக்கத்துக் குழுக்கள் வழியாக வீடுவீடாகக் கொடுத்தார்கள். ஒழுகலை அடைத்தார்கள். இன்று அந்த நகரத்தில் 1970-இல் இருந்ததைவிடப் பத்து லட்சம் பேர் கூடுதல், ஆனாலும் மொத்தத் தண்ணீர்ச் செலவு கூடவில்லை. 2.65 கோடி டாலர் என்ற எண் அதே அளவு தண்ணீரை வேறிடத்தில் வாங்குவோம் என்ற அனுமானத்தில் நின்றது. அந்த அளவு தண்ணீரே தேவைப்படாமல் போகலாம் என்பது அந்த எண்ணில் இல்லை. பாதுகாப்புக்கு எதிராக வைக்கப்படும் செலவுக் கணக்குகள் பெரும்பாலும் இப்படி ஊதிப்போனவை, ஏனென்றால் மனிதர்கள் மாற்று வழி தேடமாட்டார்கள் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஏறத்தாழ இருபது ஆண்டில் எட்டிவிடும் என்று எதிர்பார்த்த அந்த நீர்மட்டம் முப்பது ஆண்டு கடந்தும் எட்டப்படவில்லை. பயன் கணக்கும் காலத்தில் பின்தங்கும்.

நமக்கும் அந்த 1983 தீர்ப்புக்கும் ஓர் உறவு இருக்கிறது. மணாலி அருகே பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இதே பொதுப் பொறுப்புக் கோட்பாட்டை ஏற்றபோது மோனோ ஏரித் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. சோளம் விற்ற அம்மாவின் கேள்விக்குச் சட்டம் தந்த பதில் அது: ஏரி நம் எல்லாருடையது, கெடுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுவதும் உண்டு, டாஹோ ஏரி அதற்குச் சான்று. அதே மலைத்தொடரில், 501 மீட்டர் ஆழம். 1968-இல் ஒரு வெள்ளைத் தட்டை நீருக்குள் இறக்கினால் சராசரியாக 31 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்தது. அண்மை ஆண்டுகளில் 20 மீட்டரை ஒட்டி நிற்கிறது. கழிவுநீரை 1970-களிலேயே ஏரிப் படுகைக்கு வெளியே குழாயில் கொண்டுபோய்விட்டார்கள். 1997-க்குப் பிறகு 200 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. சரிவு பெரும்பாலும் நின்றது, பழைய தெளிவு திரும்பவில்லை. சாலையிலிருந்தும் கட்டடப் பகுதியிலிருந்தும் மழையோடு வரும், முடியைவிட மெல்லிய தூள்தான் முக்கியக் காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. அதைத் தடுக்க ஒரு பெரிய குழாய் போதாது, ஒவ்வொரு தெருவிலும் வேலை இருக்கிறது. ஏரியைக் கெடவிட்டுப் பிறகு மீட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த எண்களைத்தான்.

டாஹோவில் உங்களுக்கு நேராகப் பொருந்தும் இன்னொன்றும் நடந்தது. 1980-களில் அங்கே 32 மாதம் கட்டட அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். நில உரிமையாளர்கள் ஈடு கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தற்காலிகத் தடை என்பதனாலேயே ஈடு தர வேண்டியதில்லை என்று 2002-இல் தீர்ப்பு வந்தது. மனை வாங்கிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது பேரிழப்பு. ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்கோ, புதிதாகக் கட்ட முடியாததால் வீட்டின் விலை ஏறியது. அங்கே ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்களால் இன்று அங்கே குடியிருக்க முடிவதில்லை. மொத்தக் கணக்கில் லாபம் என்று வந்த திட்டம், பலன் யாருக்குப் போகிறது என்று பார்க்கப்படாவிட்டால் இப்படித்தான் முடியும்.

கணக்கில் மிகவும் நடுக்கம் தருவது காலம். 50 ஆண்டு கழித்து ஏரியால் வரும் 1 கோடி ரூபாய்ப் பயனை, ஆண்டுக்கு 8 சதவீதம் கழிவு வைத்து, அதாவது தள்ளிவரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த விகிதத்தில் குறைத்து மதித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 2 லட்சத்துச் சொச்சம். 3 சதவீதம் வைத்தால் கிட்டத்தட்ட 23 லட்சம். ஏரி மாறவில்லை, மலை மாறவில்லை, மேசையில் உட்கார்ந்தவர் தேர்ந்த ஒரு சதவீதம் மட்டும் மாறியிருக்கிறது. திரும்பப் பெற முடியாத கேடுகளுக்கு உயர்ந்த கழிவு விகிதத்தைப் பயன்படுத்துவது தவறு என்பது என் நிலைப்பாடு. துறையில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் அல்ல இது. உங்கள் ஊரிலேயே 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் இன்னும் பேசுபொருளாக இருக்கிறது. ஆலை திறந்தபோது போட்ட எந்த லாபக் கணக்கிலும் அந்த வரி இருந்திருக்காது.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு: குடிநீரோடு நேரடித் தொடர்புள்ள மலை ஏரிக்கு, கழிவுநீரைத் தடுப்பதும் நீர்ப்பிடிப்புச் சரிவில் கட்டடத்தைக் கட்டுப்படுத்துவதும் கட்டுப்படியாகும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். அடிக்கடி தூர்வாருவதைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். சரிவிலிருந்து மண் வந்துகொண்டே இருக்கும்போது அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. வாகன வரம்பின் பயன் ஏரிக்கு எவ்வளவு, நெரிசல் குறைவதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் அதை ஏரியின் கணக்கில் எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. கொடைக்கானலின் சுமைதாங்கும் திறனை ஆராய நீதிமன்றம் சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மையும் கேட்டது இந்த வகைக் கேள்விகளுக்காகத்தான். 1863-இல் மதுரை ஆட்சியர் லெவின்ஜ் ஓடையை மறித்து உண்டாக்கிய 60 ஏக்கர் ஏரி உங்கள் ஊர் ஏரி. நிரம்பி வழியும் நீர்தான் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஏரியின் பயன் உங்கள் ஊர் எல்லையோடு முடிவதில்லை, செலவை மட்டும் உங்கள் ஊர் எல்லைக்குள் அடைப்பது சரியில்லை.

இரண்டாவது கேள்விக்கு நான் காட்டக்கூடிய நல்ல முன்மாதிரி சிக்கிமில் இருக்கிறது. 12,000 அடிக்கு மேலே உள்ள சோம்கோ ஏரியில், கடைக்காரர்களும் யாக் ஓட்டிகளும் சேர்ந்த உள்ளூர்க் குழு 2008 முதல் ஏரியைப் பார்த்துக்கொள்கிறது. வருகிற பயணியிடம் சிறு தொகை வாங்கி அதைக் கரையிலேயே செலவிடுகிறார்கள். பயன் பெறுபவர் கொடுக்கிறார், பிழைப்பு நடத்துபவர் முடிவெடுக்கும் இடத்தில் உட்காருகிறார். கொடைக்கானல் அதைவிடப் பெரிய ஊர், அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் சங்கம் "வரம்பை நீக்கு" என்று மட்டும் கேட்காமல், நுழைவில் வாங்கும் பணம் ஏரிக்கும் கழிவுநீர் இணைப்புக்கும் எவ்வளவு போகிறது, அதைத் தீர்மானிக்கும் குழுவில் சிறு விடுதிகளுக்கு இடம் உண்டா என்று கேட்டால் அது யாராலும் தட்டமுடியாத கேள்வியாக இருக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இ-பாஸுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் பிந்தைய ஆண்டுகளுக்கும் உங்கள் அறைப் பதிவேட்டை மாதவாரியாக எடுத்து எழுதுங்கள். காலியான நாட்களோடு, தங்கியவர் எத்தனை இரவு இருந்தார் என்பதையும் குறியுங்கள், ஒருநாள் கூட்டம் குறைந்தால் நீண்ட தங்கல் கூடுகிறதா என்று அதில்தான் தெரியும். சீசனில் தண்ணீர் லாரி வாங்குவீர்களானால் அந்த ரசீதுகளையும் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். பக்கத்து விடுதிக்காரர்கள் பத்துப் பேர் இதையே செய்தால், அந்தக் காகிதக் கட்டை ஒரு பொருளாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். நீங்கள் கேட்ட கணக்கின் செலவுப் பக்கத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.